நார் மெஷின் காப்புரிமை விண்ணப்பத்தை எதிர்க்க என்ன செய்ய வேண்டும்? கெடு, படிவம், சான்று

மட்டைப்பட்டறை கேட்டது:

வணக்கங்க. தென்னை மட்டையிலிருந்து நார் பிரிக்கும் மெஷின் ஒன்றுக்கு ஒருவர் காப்புரிமை கேட்டிருக்கிறார். விண்ணப்பம் காப்புரிமை இதழில் வெளியாகி நாலு மாதம் ஆகிறது. முதல் கிளெய்மில், அதாவது தன் கண்டுபிடிப்பு என்று அவர் உரிமை கோரும் பத்தியில், இருப்பது இவ்வளவுதான்: மட்டையை உள்ளே இழுக்கும் பல் உருளை ஜோடி, அடிக்கும் டிரம், டிரம்முக்குக் கீழே சல்லடை, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஸ்பிரிங் போல்ட். இதே அமைப்பு பொள்ளாச்சிப் பக்கம் பல வருஷமாக ஓடுகிறது. ஆபீசுக்குப் புகார்க் கடிதம் எழுதினால் போதுமா? பத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் எடுபடுமா? விண்ணப்பித்தவர் இங்கே மெஷின் வாங்கிப் போய்ப் பார்த்துச் செய்தவர் என்றும் சொல்லலாமா? கெடு எவ்வளவு?

கிளெய்ம்வாசிப்பு:

கடிதம் எடுபடாதுங்க. 1970ஆம் வருட காப்புரிமைச் சட்டம் 25(1) பிரிவில், படிவம் 7ஏ-வில் எதிர்ப்பு மனு போட வேண்டும். விண்ணப்பம் வெளியான பிறகு, காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பு, யார் வேண்டுமானாலும் போடலாம். தொழிலில் இருப்பவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

கெடுவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விதி 55(1ஏ) சொல்வது: விண்ணப்பம் வெளியான நாளிலிருந்து 6 மாதம் முடியும் வரை காப்புரிமை வழங்கக் கூடாது. உங்களுக்கு உறுதியாக இருக்கும் காலம் அந்த 6 மாதம்தான். அதற்குப் பிறகும் வழங்கும் வரை மனு போடலாம், ஆனால் எந்த நாளில் வழங்குவார்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். நாலு மாதம் போய்விட்டதால் கையில் இருப்பது இரண்டு மாதம் என்றே கணக்கு வையுங்கள்.

முதல் வேலையாக காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடல் தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு, பதிவேறியிருக்கும் ஆவணங்களைப் பாருங்கள். படிவம் 9 இருந்தால் சீக்கிரம் வெளியிடக் கேட்டிருக்கிறார். படிவம் 18ஏ இருந்தால் விரைவுப் பரிசோதனை. இரண்டும் சேர்ந்திருந்தால் 6 மாதம் முடிந்த கையோடு வழங்கப்படலாம், அசந்து இருக்காதீர்கள். படிவம் 18-ம் (சாதாரணப் பரிசோதனைக் கோரிக்கை) இல்லை, 18ஏ-வும் இல்லை என்றால் பரிசோதனையே தொடங்கவில்லை. பரிசோதனைக் கோரிக்கை வந்த பிறகுதான் உங்கள் மனுவைக் கட்டுப்பாட்டாளர் (காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரி) கையில் எடுப்பார், அதுவரை மனு கோப்பில் கிடக்கும். 2024 மார்ச் 15-க்குப் பிறகு போட்ட விண்ணப்பமாக இருந்தால், முன்னுரிமை நாளிலிருந்து (புதுமையைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் நாள், பெரும்பாலும் முதல் விண்ணப்பம் போட்ட நாள்) 31 மாதத்துக்குள் பரிசோதனை கேட்காவிட்டால் அதுவே வாபஸ் ஆனதாகக் கொள்ளப்படும். பரிசோதகரின் ஆட்சேபனைகள் அடங்கிய முதல் ஆய்வறிக்கை போயும் விண்ணப்பதாரர் காலத்துக்குள் பதில் தரவில்லை என்றால் கைவிட்டதாகக் கணக்கு. அப்படியென்றால் உங்களுக்கு வேலையே மிச்சம்.

மனு போட்ட பிறகு: முகாந்திரம் இருக்கிறதா என்று கட்டுப்பாட்டாளர் முதலில் பார்ப்பார். 2024 திருத்தத்தில் வந்த படி இது. இல்லை என்று பட்டால் உங்களுக்குத் தெரிவிப்பார், நீங்கள் விசாரணை கேட்கலாம். இருக்கிறது என்றால் விண்ணப்பதாரருக்கு நோட்டீஸ் போகும். பதில் தர அவருக்கு இப்போது 2 மாதம், முன்பு 3. முன்பு இந்த மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2024-இலிருந்து உண்டு. காகிதமாகக் கொடுத்தால் 10 சதவீதம் கூடுதல், அதனால் ஆன்லைனில் போடுங்கள். காப்புரிமை ஏஜென்ட் வழியாகப் போனால் படிவம் 26-ல் அதிகாரம் கொடுக்க வேண்டும்.

ஒன்று மறக்காதீர்கள். நேரில் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்று மனுவிலேயே கேட்டு வையுங்கள். கேட்டால்தான் அந்த உரிமை.

பத்துப் பேர் பத்து மனு போட வேண்டாம். ஒருவர் பெயரில் ஒரு மனு, மற்ற ஒன்பது பேரின் பிரமாணப் பத்திரங்கள் அதற்குச் சான்று. வெறும் கையெழுத்துப் பட்டியலுக்கு மதிப்பில்லை.

வரைபடமேசை:

மேலே சொன்னது வழி. ஜெயிப்பதும் தோற்பதும் சான்றில்தான்.

“எல்லாரும் செய்கிறோம்” என்பது வாதம் ஆகாது. கிளெய்மில் உள்ள ஒவ்வொரு உறுப்பும், விண்ணப்பத்தின் முன்னுரிமை நாளுக்கு முன்பே வெளியில் இருந்தது என்று தேதியோடு காட்ட வேண்டும். முன்னுரிமை நாளை முதலில் உறுதி செய்யுங்கள். தற்காலிக விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கம்) முதலில் போட்டிருந்தால் அந்த நாள்தான் பெரும்பாலும் கணக்கு, முழு விவரக்குறிப்பு போட்ட நாள் அல்ல. இடையில் ஒரு வருஷம் வரை வித்தியாசம் இருக்கலாம். கையில் இருக்கும் நல்ல சான்று அந்த இடைவெளியில் விழுந்தால் பயன்படாது.

ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் கிளெய்ம் 1-ஐ உறுப்பு உறுப்பாகப் பிரித்து எழுதுங்கள்: பல் உருளை ஜோடி, டிரம், சல்லடை, ஸ்பிரிங் போல்ட். வலது பக்கம் எந்தச் சான்றில், எந்தப் பக்கத்தில், எந்தப் படத்தில் அது தெரிகிறது என்று எழுதுங்கள். முதல் மூன்றுக்கும் சான்று சுலபமாகக் கிடைக்கும். நாலாவதில் தடுக்கும். ஏனென்றால் பட்டறை பில்லில் “நார் மெஷின் 1, மோட்டாருடன்” என்றுதான் இருக்கும். ஸ்பிரிங்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. அந்த பில் விற்ற தேதியைத்தான் காட்டும், விற்ற பொருளின் உள்ளமைப்பைக் காட்டாது. தேதி போட்ட வரைபடம், வாங்கியவரின் பிரமாணப் பத்திரம், அவர் இடத்தில் இன்றும் நிற்கும் மெஷினின் படம், மெஷினில் அடித்த வரிசை எண், அதே எண் பில்லில். இந்தச் சங்கிலி அறுபடாமல் இருந்தால்தான் “இந்தியாவில் வெளிப்படையாகப் பயன்பட்டது” என்ற 25(1)(டி) நிற்கும்.

இன்னொரு இடமும் தேடுங்கள்: விண்ணப்பதாரரின் சொந்த யூடியூப், ஃபேஸ்புக், கண்காட்சி துண்டறிக்கை. முன்னுரிமை நாளுக்கு முன்பே அந்த மெஷினைத் தானே விற்றிருந்தாலோ வெளியிட்டிருந்தாலோ அதுவும் புதுமையைக் கெடுக்கும். அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில இடங்களுக்கு மட்டும் 12 மாதச் சலுகை உண்டு. வீடியோவைக் காட்டும்போது வெறும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டாதீர்கள். பதிவேற்றிய நாள், இணைய முகவரி தெரிய வேண்டும். மின்னணு ஆவணங்களுக்கான பாரதிய சாட்சிய சட்டம் 63(4) பிரிவுச் சான்றிதழும் சேர்த்துவிட்டால் தேதியைப் பற்றிய இழுபறி குறையும்.

நாலாவது உறுப்புக்கு நேரடிச் சான்று கிடைக்கவே இல்லை என்றால்? 25(1)(ஈ), அதாவது துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது என்ற காரணம். வேறு அரவை மெஷினில் ஸ்பிரிங் வைத்து இடைவெளி மாற்றும் பழைய காப்புரிமை ஒன்றைக் கண்டுபிடித்து, இரண்டையும் ஏன் ஒருவர் சேர்ப்பார் என்று காரணத்தோடு எழுதுங்கள். கூடவே 3(எஃப்) பிரிவு: தெரிந்த கருவிகளை, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியாகச் செய்யும்படி, சும்மா அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது. இப்படிப்பட்ட மெஷினுக்கு நன்றாகப் பொருந்தும் பிரிவு.

கிளெய்ம் 1-ஐச் சார்ந்து அதில் கூடுதல் விவரம் சேர்க்கும் துணைக் கிளெய்ம்களை விட்டுவிடாதீர்கள். கிளெய்ம் 1 ஆடுகிறது என்று தெரிந்ததும், கிளெய்ம் 5-ல் உள்ள ஏதோ ஒரு அளவை மேலே ஏற்றித் திருத்திக்கொள்வார்கள். அதற்கும் இப்போதே பதில் எழுதி வையுங்கள்.

கிளெய்ம்வாசிப்பு:

“இங்கே பார்த்துச் செய்தவர்” என்ற கேள்விக்குப் பதில் விட்டுப்போச்சு. அது 25(1)(ஏ), கண்டுபிடிப்பைத் தவறான வழியில் அடைந்தது. அதற்கு, அது உங்களுடையது, உங்களிடமிருந்துதான் அவருக்குப் போனது என்று நிரூபிக்க வேண்டும். அதே பிரமாணப் பத்திரத்தில் “ஊரே செய்கிறது” என்றும் எழுதினால் ஒன்று மற்றொன்றை அடிக்கும். சட்டம் இரண்டு காரணத்தையும் சேர்த்துச் சொல்லத் தடுக்கவில்லை. ஆனால் சாட்சி ஒரே பேச்சாக இருக்க வேண்டும். உங்கள் நிலைமைக்கு ஊர்ப் பயன்பாடுதான் பலம். அதிலேயே நில்லுங்கள்.

மட்டைப்பட்டறை:

ரொம்ப நன்றிங்க. காப்புரிமை கிடைத்த பிறகு எதிர்த்தால் அப்பீல் இருக்கிறது, அதனால் அதுவரை பொறுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். சரியா? இன்னொன்று, எங்கள் பில், கேட்லாக் எல்லாம் தமிழில் இருக்கின்றன.

இதழ்_வெள்ளி:

அந்த ஆலோசனையில் பாதி உண்மை. காப்புரிமை வழங்கிய பிறகு போடும் 25(2) எதிர்ப்பில் வரும் உத்தரவின் மேல் உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் உண்டு. 2021-ல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்ட பிறகு அங்கேதான். 25(1) எதிர்ப்பு தள்ளுபடியானால் எதிர்த்தவருக்கு அப்பீல் இல்லை. ஆனாலும் பொறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 25(1)-ல் தோற்றாலும், தொழிலில் இருக்கும் உங்களுக்கு 25(2) கதவு திறந்தே இருக்கும். பொறுத்திருந்தால் அந்த முதல் கதவு வீணாகிறது. அதோடு, காப்புரிமை கையில் இருப்பவர் பட்டறைகளுக்கு நோட்டீஸ் விடத் தொடங்குவார். முதல் கதவின் பலத்துக்குச் சென்னை அலுவலகமே சாட்சி: இமாடினிப் மருந்து விண்ணப்பம் 25(1) எதிர்ப்புகளின் பேரில் 2006 ஜனவரியில் அங்கே மறுக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றத்திலும் விண்ணப்பதாரருக்குக் காப்புரிமை கிடைக்கவில்லை.

25(2)-க்கான கெடு, காப்புரிமை வழங்கியது இதழில் வெளியான நாளிலிருந்து 1 வருஷம். சட்டத்திலேயே இருக்கும் கெடு, நீட்டிப்பு கேட்க முடியாது. படிவம் 7. மூன்று பேர் கொண்ட எதிர்ப்புக் குழு அமையும், விண்ணப்பத்தைப் பரிசோதித்தவர் அதில் இருக்கக் கூடாது. காப்புரிமைக்காரர் 2 மாதத்துக்குள் பதில் தராவிட்டால் காப்புரிமை ரத்தானதாகவே கொள்ளப்படும். பிறகு உங்களுக்கு 1 மாதம், அதிலும் அவர் சான்றுக்கு மறுப்பு மட்டும்தான். புதுச் சரக்கை அப்போது நுழைக்க முடியாது. விசாரணை நோட்டீஸ் 10 நாளாவது முன்னால் வரும். புதிய வெளியீடு எதையாவது அன்று காட்ட நினைத்தால் 5 நாள் முன்பே எதிர்த்தரப்புக்கு விவரத்தோடு சொல்லியிருக்க வேண்டும்.

25(2)-ல் இறங்கிய பிறகு அதே ஆள் 64-ம் பிரிவில் ரத்து மனு போட முடியாது. 2014-ல் உச்ச நீதிமன்றம் ஆலோய்ஸ் வோபென் வழக்கில் சொன்னது. எது என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

25(1)-ல் ஒரு சங்கடமும் உண்டு. பரிசோதனையில் விண்ணப்பதாரர் செய்யும் திருத்தங்களில் எதிர்ப்பாளருக்குப் பங்கு கேட்கும் உரிமை இல்லை என்று 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்தம் வந்ததா என்று நீங்கள்தான் தளத்தில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதழ் ஒவ்வொரு வெள்ளியும் வரும். வெள்ளிக்கிழமை அந்த விண்ணப்ப எண்ணைத் தேடுவதை வழக்கமாக்குங்கள்.

தமிழ் ஆவணம் பிரச்சினை இல்லை. ஆனால் சான்றொப்பமிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். பில்லின் தலைப்பை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு அடியில் கையால் எழுதியதை விட்டுவிடுவார்கள். உங்கள் வழக்கில் “ஸ்பிரிங் செட் 4” என்று கையால் எழுதிய அந்த ஒரு வரி இருந்தால், மொத்த மனுவும் அதன் மேல்தான் நிற்கும். பழைய பில் புத்தகங்களின் கார்பன் நகல்களை இன்றே எடுத்துத் தேதி வாரியாக அடுக்குங்கள்.