மஞ்சள்துடுப்புச் சூரை: பங்குக்கு எந்த ஆண்டைக் கணக்கெடுப்பது?

நெய்தல்வாசி:
சூரை மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் நாடுகளின் அமைப்பான இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தில், மஞ்சள்துடுப்பு உள்ளிட்ட சூரையை எந்த நாடு எவ்வளவு பிடிக்கலாம் என்ற பங்கீட்டு விதி பற்றிய பேச்சு 2011 முதல் நடக்கிறது. முன்பு பிடித்த அளவே இனிவரும் பங்குக்கு அடிப்படை என்றால், ஒரு கரையோர நாட்டின் தனிப் பொருளாதார மண்டலத்துக்குள் (கரையிலிருந்து 200 கடல்மைல் வரை) அயல்நாட்டுக் கப்பல் பிடித்த மீன் யார் கணக்கில் ஏற வேண்டும் என்பதே சிக்கல். கொடிக்குரிய நாட்டின், அதாவது கப்பல் பதிவான நாட்டின் கணக்கில் என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். கடலுக்குரிய நாட்டின் கணக்கில் என்கின்றன கரையோர நாடுகள். நான் பின்னவர் பக்கம். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து வலையின் அடியை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பெயின், பிரான்ஸ் நாடுகளின் சுருக்குமடிக் கப்பல்கள் இங்கு வந்தது 1980களில்தான்; மாலத்தீவினரோ பல நூற்றாண்டுகளாகச் சூரையைத் தூண்டிலில் பிடித்து, மாசியாக்கி, கடல் கடந்து விற்றவர்கள்.

துலாக்கோல்:
நண்பரே, அந்தக் கப்பல்கள் உரிமக் கட்டணம் செலுத்தித்தான் மீன் பிடித்தன. சீஷெல்ஸின் விக்டோரியா துறைமுகமும் அங்குள்ள மீன் பதனிடும் ஆலையும் அவற்றை நம்பியே இயங்குகின்றன. விற்ற மீனைத் தன் பிடிப்பென்று பிறகு உரிமை கோருவது எப்படிச் சரியாகும்? 2015இல் கடலிலுள்ள மஞ்சள்துடுப்பின் இருப்பு அளவுக்கு மீறிச் சுரண்டப்பட்டதாக மதிப்பிடப்பட்டபின், 2014இன் பிடிப்பிலிருந்து பெரிய சுருக்குமடிக் கப்பற்கூட்டங்கள் 15 விழுக்காடும் செவுள்வலைக் கப்பற்கூட்டங்கள் 10 விழுக்காடும் குறைக்க வேண்டும் என 2016இல் விதித்தார்கள். 2021இல் விதி திருத்தப்பட்டபோது இந்தியா ஆட்சேபம் தெரிவித்து விலகி நின்றது. பங்கு கேட்கையில் கரையோர நாடு, குறைக்கச் சொன்னால் வளரும் நாடு என்பது எந்த ஊர் நியாயம்?

அலைவாய்:
நீங்கள் இருவரும் ஆண்டுகளை மறந்துவிட்டீர்கள். 2003 முதல் 2006 வரை பிடிப்பு உச்சத்தில் இருந்தது. அந்த ஆண்டுகளை அடிப்படையாக்கினால், 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் பெரும்பகுதிப் படகுகளை இழந்த இலங்கை, அந்த இழப்புக்கே மறுபடியும் தண்டிக்கப்படும். 2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளை எடுத்தாலோ, சோமாலியக் கடற்கொள்ளையருக்கு அஞ்சி மேற்குக் கடலை விட்டு அகன்ற கப்பல்கள் நட்டமடையும். ‘வரலாறு’ என்று நாம் சொல்வது பாதி விபத்துகளின் பதிவு.

நெய்தல்வாசி:
அதனால்தான் நிலையான விழுக்காட்டையே நான் எதிர்க்கிறேன். இருப்பு பாதியானால் பெருங்கப்பலுக்கு இலாபம் குறையும். குமரி மாவட்டத் தூத்தூரில், பல கொக்கிகள் கோத்த நீள்கயிற்றால் மீன்பிடிக்கும் ஆயிரங்கால் தூண்டில்காரருக்கோ டீசல் செலவுக்குக்கூடக் கட்டாது. ஆகவே சிறுதொழிலுக்கு ஓர் அடித்தள அளவை ஒதுக்கிவிட்டு, வெட்டு விழும்போது அதற்கு மேலுள்ள பங்கிலிருந்து வெட்ட வேண்டும். மீன்களை ஈர்க்கக் கடலில் விடும் மிதவைகளைச் சுற்றி வலை போட்டு மஞ்சள்துடுப்பின் குஞ்சுகளை அள்ளுவது சுருக்குமடிதான் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். (தமிழ்நாடு 2000இலேயே தடை செய்த வலை அது; அளவுதான் வேறு.)

துலாக்கோல்:
மிதவை பற்றிய கண்டனத்தை ஏற்கிறேன், அடித்தளத்தை ஏற்க மாட்டேன். ஒவ்வொரு நாடும் தன் அடித்தளத்தைத் தானே சொன்னால், மோசமான ஓர் ஆண்டில் அவற்றின் கூட்டுத்தொகையே அனுமதிக்கப்பட்ட பிடிப்பை விழுங்கிவிடும். ஈரானும் பாகிஸ்தானும் ஆழ்கடலில் விரிக்கும் செவுள்வலைகளும் ‘சிறுதொழில்’தானா? 2024 மதிப்பீட்டில் இருப்பு மீண்டிருப்பதாகத் தெரிந்ததும் எல்லோரும் கூடுதலாகக் கேட்கிறார்களே தவிர, அடுத்த சரிவில் யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்று யாரும் எழுதித் தரவில்லை.

நெய்தல்வாசி:
செவுள்வலை குறித்த கேள்வி நியாயமானது. எது சிறுதொழில் என்று படகின் நீளத்தைக் கொண்டு முடிவு செய்வதை விட்டுவிட்டு, பிடிக்கும் கருவியை வைத்து அடித்தளத்தை வரையறுக்கலாம். தூண்டிலுக்கு மட்டும் என்றால் எனக்குச் சம்மதம். கொடிக் கணக்கை மட்டும் ஏற்க மாட்டேன்.