வக்கீல் ஃபீஸ் வழக்கில் சம்மன் வராமலே எக்ஸ்பார்ட்டி டிகிரி: என்ன செய்யலாம்?

திருப்பூர்வாசி:
வணக்கம். மதுரையில் இருந்தபோது சொத்து வழக்குக்கு வைத்திருந்த வக்கீல், ஃபீஸ் பாக்கி ரூ.1,20,000 என்று அங்கேயே முன்சீப் கோர்ட்டில் என்மேல் வழக்குப் போட்டிருக்கிறார். நான் திருப்பூருக்குக் குடிவந்து 2 வருஷம் ஆகிறது. போன வாரம் இங்கே ஈ.பி. நோட்டீஸ் (டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனுவின் நோட்டீஸ்) வந்த பிறகுதான், நான் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது ஒருதலைப்பட்சமாக, டிகிரி (தீர்ப்பாணை) ஆனதே தெரியும். மதுரை வீட்டுக் கதவில் சம்மனை ஒட்டினார்களாம். என் சொத்து வழக்கின் கேஸ் கட்டையும் அந்த வக்கீல் தர மறுக்கிறார்.

வைகைக்கரை:
சம்மன் வரலைன்னா தீர்ப்பே செல்லாது. ஈ.பி.க்குப் போகாம விட்டுடுங்க.

முன்னாள் குமாஸ்தா:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கோர்ட் ரத்து செய்யும்வரை டிகிரி உயிரோடுதான் இருக்கும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 13-ன்படி ரத்து மனு போட வேண்டும். கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சார்வாகாதபோது (சேர்ப்பிக்கப்படாதபோது), டிகிரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். உங்களுக்கு நாள் ஓட ஆரம்பித்துவிட்டது.

முதலில் நகல் மனு போட்டு பிராது (அவர் தாக்கல் செய்த வழக்கு மனு), டிகிரி, அமீனாவின் (சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியரின்) அறிக்கை, சம்மன் அனுப்பிய தபால் உறை எல்லாவற்றையும் பாருங்கள். நினைத்தவுடன் கதவில் ஒட்டிவிட முடியாது. கட்டளை 5 விதி 17-ன்படி, ஆள் வழக்கமாகக் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும், தேடியும் கிடைக்காமல் இருக்க வேண்டும். வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டியது என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். தபால் உறையில் 'வாங்க மறுத்தார்' என்றிருந்தால் சிக்கல், சார்வானதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கட்டு விஷயம் தனி. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

திருப்பூர்வாசி:
நகல் கிடைத்தது. 'வீடு பூட்டியிருந்தது, ஒட்டினேன்' என்பதோடு அறிக்கை முடிகிறது, சாட்சி பெயர் இல்லை. உறையில் 'இடம் மாறிவிட்டார்' என்றிருக்கிறது. ஆனால் அப்போது வக்கீலின் ஜூனியர் வாட்ஸ்அப்பில், 'உங்கமேல கேஸ் போட்டாச்சு, கோர்ட்ல பாத்துக்கலாம்' என்று அனுப்பியிருந்தார். அதை மனுவில் சொல்ல வேண்டுமா?

முன்னாள் குமாஸ்தா:
கட்டாயம் சொல்லுங்கள். மறைத்தால் அவர்கள் ஸ்கிரீன்ஷாட்டோடு வருவார்கள், அதன்பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது. விதி 13-ல் இன்னொரு கண்ணியும் உண்டு: சார்வில் குறை இருந்தாலும், வாய்தா தேதி தெரிந்து, ஆஜராக அவகாசமும் இருந்தது என்று கோர்ட் நம்பினால், அந்தக் குறைக்காக மட்டும் டிகிரியை ரத்து செய்யாது. அந்த மெசேஜில் கோர்ட் பெயர், தேதி ஏதாவது உண்டா?

திருப்பூர்வாசி:
எதுவும் இல்லை. சொன்னது அவ்வளவுதான்.

முன்னாள் குமாஸ்தா:
அப்படியானால் அது வாய்தா நோட்டீஸ் ஆகாது என்று வாதாடலாம். ஈ.பி.யை நிறுத்திவைக்கவும் சேர்த்தே மனு போடுங்கள். ரத்து மனு போட்டதாலேயே அது நிற்காது. ஒரு பகுதிப் பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொல்லவும் வாய்ப்பு உண்டு, தயாராக இருங்கள். முக்கியமான கேள்வி: திருப்பூர் முகவரி அவருக்குத் தெரியுமா?

திருப்பூர்வாசி:
தெரியும். ஃபீஸ் பில்லையே வழக்குக்கு முன்னால் இங்கேதான் கூரியரில் அனுப்பினார். உறை இருக்கிறது.

முன்னாள் குமாஸ்தா:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! தெரிந்தே பழைய விலாசத்தைப் பிராதில் கொடுத்திருக்கிறார். உறையில் தேதி தெரிகிற மாதிரி ஜெராக்ஸ் எடுத்து, வாடகை ஒப்பந்தத்தோடு மனுவில் இணைத்துவிடுங்கள்.