லீட் யூசர்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.
வணிகவியல் பாடக்குறிப்பு ஒன்று திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் வான் ஹிப்பல் 1986இல் விளக்கிய 'லீட் யூசர்' என்ற இடத்தில் நிற்கிறேன். ஊருக்கெல்லாம் நாளை வரப்போகும் தேவை இந்த லீட் யூசருக்கு இன்றே வந்துவிடுகிறது. தீர்ந்தால் இவருக்குப் பெரும் பயன். அதனால் கடையில் இல்லாததைத் தானே செய்துகொள்கிறார். 'முன்பயனர்' சரியா?
– ந.

அம்மா, மாணவர் அதை 'முன்னாள் பயனர்' என்றுதான் படிப்பார். பழந்தமிழில் படையின் முன்னணி 'தார்', பின்னணி 'கூழை'. தொல்காப்பியத்தில் தும்பை என்ற போர்த்திணையின் துறைகளிலேயே இரண்டும் உண்டு. 'தார்ப்பயனர்' என்று வைக்கலாம்.
– மு.

ஐயா, தார் என்றால் இன்றைக்கு ரோடு போடுகிற தார்தான். 'முன்னோடிப் பயனர்' என்றால் யாருக்கும் புரியும். 'பயனாளி' மட்டும் வேண்டாம், அது அரசு உதவி பெறுபவர் என்று ஆகிவிட்டது.
– செ.

புதுப்பொருளை முதலில் வாங்குபவரையும் முன்னோடி என்போமே! இவர் வாங்குபவர் இல்லை. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் பழைய தடித்த டயர் சைக்கிளில் மலைச்சரிவு இறங்கியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை இறங்கினாலே பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் எரிந்துபோகும், மறுபடி அடைக்க வேண்டும். அதனால் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர். பிரேக்கை மாற்றினார்கள், கியர் சேர்த்தார்கள். ஒருவர் செய்ததை அடுத்தவர் பார்த்துச் செய்தார். நிறுவனங்கள் மலை சைக்கிளை ஆயிரக்கணக்கில் செய்து விற்றது அதற்கு அப்புறம்தான். அந்தச் 'செய்தல்' பெயரில் வர வேண்டும். 'செய்பயனர்', வினைத்தொகை.
– இ.

பயத்தல் என்றாலே விளைத்தல், தருதல். மரம் பயக்கும், நிலம் பயக்கும். பயனர் என்ற சொல்லுக்குள்ளேயே செய்தலும் துய்த்தலும் இருக்கின்றன. 'செய்' எதற்கு?
– மு.

வேர் அப்படி இருக்கலாம் ஐயா. ஆனால் வங்கிச் செயலியில் 'பயனர் பெயர்' என்று பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பயனர் வெறுமனே பயன்படுத்துபவர்தான். தவிர, தனக்கென ஒன்றைச் செய்துகொள்ளும் எல்லோரும் செய்பயனர். அவர்களில் முந்துகிறவரை எப்படிப் பிரிப்பது?
– செ.

சரி, நேரமில்லை. 'முன்னோடிப் பயனர்' என்று போட்டு, முதலில் வரும் இடத்தில் மரின் கதையை விளக்கமாகச் சேர்த்துவிடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.
– ந.

போடுங்கள் அம்மா. அடுத்த பாடத்தில் புதுப்பொருளை மற்றவருக்கு முன்பே வாங்குகிற 'எர்லி அடாப்டர்' வருமே, அவருக்கு என்ன மிச்சம் இருக்கிறது?
– இ.