நாகமரைக்கு மேட்டூர் டேம் தண்ணி வருது, படகு மோட்டாரை இறக்கணும்

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

காலை 6:12
பிரபு: தண்ணி ராத்திரியே ஏறிடுச்சு. படகு கட்டுன வேப்ப மரத்தைத் தொட்டுட்டுது. ஒகேனக்கல்ல பரிசல் நிறுத்திட்டாங்களாம்

ராணி: டேமுக்குள்ள இருக்கற பண்ணவாடி நந்தி சிலை தெரியுதா?

பிரபு: அது எப்பவோ முழுகிடுச்சு அத்தை

கோவிந்தன்: ராத்திரிக்குள்ள 2 லட்சம் கன அடி வருதாம். அனைவருக்கும் பகிரவும்

சுமதி: மாமா இது போன வருஷமே சுத்துன மெசேஜ். யாருக்கும் அனுப்பாதீங்க

முருகேசன்: எப்படியும் ஏறத்தான் போவுது. படகை டிரெய்லர்ல வெச்சு மேட்டு நிலத்துக்கு ஏத்திடு

கோவிந்தன்: மோட்டாரை மேல மடக்கி விட்டு அப்படியே இழுங்க. அரை மணி வேலை

காலை 6:31
செல்வம்: அது மட்டும் வேணாம் மச்சான். மடக்கி வெச்சா 40 கிலோவுக்கு மேல எடை அந்த ஒரு லாக்குலயும் பின்பலகையிலயும்தான் தொங்கும். தண்ணியில தாங்கும். அந்த வண்டிப் பாதையில ஒவ்வொரு பள்ளத்துக்கும் குதிக்கும், லாக் விடும், இல்ல பலகை விரிசல் விடும். கழட்டி படகு நடுவுல படுக்க வெச்சுத்தான் கொண்டு வரணும்

பிரபு: சரி சித்தப்பா. 2 பேர் போதுமா தூக்க?

செல்வம்: கையால தூக்காதீங்க. படகு ஆடும்போது கால் வழுக்குனா மோட்டார் தண்ணிக்குள்ள. போர்வெல்ல மோட்டார் தூக்கற முக்காலியும், சங்கிலி இழுத்துத் தூக்கற செயின் பிளாக்கும் கொண்டாங்க. கரையில வண்டல், முக்காலி கால் புதையும். ஒவ்வொரு காலுக்கும் அடியில பலகைத் துண்டு போடு. 3 காலையும் கீழ கயித்தால சேத்துக் கட்டு, இல்லன்னா எடை ஏறுனதும் விரியும்

முருகேசன்: செயின் பிளாக் யார் வீட்ல இருக்குது

ராணி: கெடாவெட்டுக்குப் பந்தல் போட வாங்கிட்டுப் போனவங்களைக் கேளுங்க

கோவிந்தன்: நான் அன்னிக்கே திருப்பிக் குடுத்தாச்சு

முருகேசன்: எங்க வீட்டுக்கு வரல

சுமதி: அப்பா அதை அப்புறம் பேசிக்கலாம்

காலை 6:50
செல்வம்: பிரபு, தூக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது. மோட்டார் தண்ணியில இருக்கறப்பவே நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி, பெட்ரோல் ஓஸைக் கழட்டி விடு. கார்புரேட்டர்ல இருக்கறது தீர்ந்து தானா நிக்கட்டும். இல்லன்னா படுக்க வெச்சதும் பெட்ரோல் படகுக்குள்ள கசியும். டேங்க் மூடியில இருக்கற காத்துத் திருகை இறுக்கிடு. டேங்க் தனியா வரட்டும், டிராக்டர் சைலன்சர் பக்கமே வேணாம். நிறுத்தற சிவப்புக் கயித்தை எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கோ

பிரபு: 👍

செல்வம்: மோட்டாரைப் பின்பலகையோட பிடிக்கற கிளாம்ப் திருகைத் தொடறதுக்கு முன்னாடி மோட்டார்ல இருந்து படகுக்கு ஒரு கயிறு கட்டிடு. அப்புறம் தூக்கற பட்டையைப் போடு, கைப்பிடிக்கும் பிராக்கெட்டுக்கும் சேத்து. மேல்மூடியில எதையும் மாட்டாத, அது வெறும் மூடி, கையோட வந்துடும். செயின்ல எடை லேசா ஏறுனதுக்கு அப்புறம்தான் 2 திருகையும் மாத்தி மாத்தித் தளர்த்தணும்

பிரபு: இடது திருகு சுத்தல. துரு

செல்வம்: சுத்தியல் எடுக்காத! கைப்பிடி உடைஞ்சா அங்கயே நிக்க வேண்டியதுதான். எண்ணெய் விட்டு கால் மணி ஊற விடு. பிறகு முன்னும் பின்னுமா ஆட்டி ஆட்டிச் சுத்து. திரும்ப மாட்டறப்ப மரையில கிரீஸ் வெக்கணும்

பிரபு: பூட்டும் இருக்குது. சாவி?

கோவிந்தன்: சாவி எங்க வீட்ல. மீன் பணம் பிரிக்கறப்ப யாருக்கும் எங்க ஞாபகம் வரல, சாவிக்கு மட்டும் வருது

முருகேசன்: காலங்காத்தால எதுக்கு இது

ராணி: என்னங்க போனை வைங்க. பிரபு, மாமா கொண்டு வருவாரு

ராணி: ஆடி பதினெட்டுக்குக் கறி பென்னாகரத்துல எடுக்கறதா, ஊர்லயா? புதுப் பொண்ணுக்குத் தாலிக்கயிறு மாத்தணும், ஆத்துல இறங்க விடுவாங்களா?

சுமதி: இந்தத் தண்ணிக்கு ஒகேனக்கல் வேணாம் அத்தை. வீட்லயே வெச்சுக்கலாம்

ராணி: அதெப்படி. கரையில நின்னாவது கும்பிடணும்

காலை 8:05
செல்வம்: தூக்குனதும் உடனே படுக்க வைக்காத. நேரா 5 நிமிஷம் தொங்கட்டும், உள்ள நிக்கற தண்ணி வடியணும். மோட்டார் எடை போனதும் படகோட பின்பக்கம் மேல எழும்பும், அதனால பலகையைத் தாண்ட நினைக்கறதை விட ஒரு முழம் கூடவே தூக்கு. இல்லன்னா பிராக்கெட் இடிக்கும்

செல்வம்: படுக்க வைக்கறதுதான் முக்கியம். இது நாலு ஸ்ட்ரோக், அடியில ஆயில் நிக்குது. எந்தப் பக்கம் கீழ வரணும்னு படம் போட்டு ஒட்டியிருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பாத்துட்டு வை. தப்பான பக்கம் வெச்சா ஆயில் சிலிண்டருக்குள்ள போயிடும். தெரியாம ஸ்டார்ட் பண்ற கயித்தை வெடுக்குன்னு இழுத்தா கனெக்டிங் ராடு வளைஞ்சாலும் வளையும்

பிரபு: ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சிருக்கு, அம்புக்குறி தெரியுது. போட்டோ அனுப்பறேன்

செல்வம்: பாத்தேன். சரி, அந்தப் பக்கமே. மோட்டார் தலை எப்பவும் புரொபெல்லரை விட உசரமா இருக்கணும். உள்ள மிச்சத் தண்ணி இருந்தா புகை போற வழியா சிலிண்டருக்குத் திரும்பும், பிஸ்டன் ரிங் துரு பிடிக்கும். கரையேறும்போது படகோட முன்பக்கம் மேல போவும், அதனால தலை முன்பக்கம் பாக்கட்டும். கோயில் கிட்ட இறக்கம் வருதில்ல, அங்க தலைகீழா மாறிடும். அதுக்காகத் தலைக்கு அடியில 2 சாக்கு வைக்கோல் கூடப் போடு

முருகேசன்: டயர் இருக்குதே

செல்வம்: டயரும் சரிதான் அண்ணா, மேல சாக்கு போடுங்க. எடை புரொபெல்லர் மேலயோ அதுக்குக் கீழ இருக்கற அடித் துடுப்பு மேலயோ உக்காரக் கூடாது. கயிறு 2 இடம்: பிராக்கெட்ல ஒண்ணு, தண்டுல, புரொபெல்லருக்கு மேல இருக்கற தகட்டுக்கு மேல ஒண்ணு. கயித்துக்கு அடியில சைக்கிள் டியூப் சுத்து. மூடி மேலயும் ஆக்சிலேட்டர் கைப்பிடி மேலயும் கட்டாத

கோவிந்தன்: ஆயில் ஏறிட்டா அப்புறம் என்ன பண்றது

செல்வம்: ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, துளை மேல துணி போட்டு, ஸ்டார்ட் கயித்தை மெதுவா இழுத்தா ஆயில் வெளிய வந்துடும் மச்சான். அப்புறம் ஆயில் மட்டம் பாத்து ஊத்தணும். கியர் ஆயிலும் ஒரு தடவை பாருங்க, பால் மாதிரி இருந்தா சீல் போயிருக்குது

காலை 9:20
பிரபு: டிராக்டர் காரர் 4 மணிக்குன்னு சொல்றாரு. அதுக்குள்ள தண்ணி ஏறுமா?

சுமதி: படகுக் கயித்தை நீளமா விட்டு மேல மரத்துல கட்டு. குட்டையா கட்டுனா தண்ணி ஏற ஏற மூக்கு முங்கும்

செல்வம்: சுமதி சொல்றது சரி. மோட்டாரை மட்டும் இப்பவே இறக்கிடுங்க

முருகேசன்: செயின் பிளாக் இன்னும் வரல

கோவிந்தன்: ராணி, நம்ம மாட்டுக் கொட்டாயில பாரு

ராணி: 🙂

பிரபு: சாவியும் சேத்து எடுத்துட்டு வாங்க மாமா

ராணி: கறி எத்தனை கிலோன்னு யாருமே சொல்லல