மலச்சிக்கல், முகப்பரு: கோலன் தெரபிக்குக் காசு செலவழிக்கலாமா?

நிலாமுற்றம்:
வயது 29. பல வருடமாக மலச்சிக்கல், சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்கிறது. தாடையோரம் பரு வருவதும் போவதுமாக இருக்கிறது. எங்கள் ஊரில் புதிதாகத் திறந்த இயற்கை மருத்துவ மையத்தில் கோலன் ஹைட்ரோதெரபி எடுக்கச் சொல்கிறார்கள். ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டு, முக்கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றி இறக்குவார்களாம். குடல் சுவரில் ஒட்டிய பழைய மலம் நச்சாகி ரத்தத்தில் கலக்கிறது, பரு அதனால்தான் என்கிறார்கள். ஐந்து சிட்டிங் பேக்கேஜுக்கு என் பாதிச் சம்பளம் போய்விடும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

வேம்பு:
தாராளமாகச் செய்யுங்கள் சகோதரி. நானும் செய்துகொண்டவன்தான். எழுந்து வரும்போது உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது, அன்றிரவு நல்ல தூக்கம். இது ஏதோ புது வித்தை இல்லை. நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிடச் சொல்கிறது சித்த மருத்துவம். ஆயுர்வேதத்தில் ஆசனவாய் வழியாக மருந்து ஏற்றும் வஸ்தி இருக்கிறது. விளக்கெண்ணெய்க்குப் பயந்து ஓடாத பிள்ளை நம் தலைமுறையில் உண்டா? வயிறு சுத்தமானால் முகம் தெளியும்.

மாத்திரைப்பெட்டி:
மருந்துக் கடையில் நிற்கிறவன் சொல்கிறேன். லேசாக இருந்தது என்று வேம்பு சார் சொல்வதை நம்புகிறேன். நிறைந்த குடல் காலியானால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அதைக் காட்டி, நச்சு வெளியேறிவிட்டது என்று பில் போடுவதுதான் தகராறு.

அந்தக் கதைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் இதை நம்பினார்கள். லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஆர்பத்நாட் லேன் என்ற பெரிய சர்ஜன், மலச்சிக்கல் நோயாளிகளின் பெருங்குடலையே அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். 1919இல் வால்டர் ஆல்வாரஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எளிமையாக ஒன்று கேட்டார்: மலம் கழித்த சில நிமிடங்களிலேயே தலைவலியும் மந்தமும் விலகுகின்றனவே, ரத்தத்தில் நச்சு இருந்தால் அவ்வளவு சீக்கிரம் இறங்குமா? குடல் உப்பி நரம்பை அழுத்துவதால் வரும் தொல்லை அது என்றார். பிறகு மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்துப் பார்த்தபோதும் அதே தலைவலி, அதே மந்தம். பஞ்சில் என்ன நச்சு?

அப்புறம் அந்த ‘ஒட்டிய பழைய மலம்’. குடலின் உள்தோல் ஒரு வாரத்துக்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. கொலனோஸ்கோபியில் தினமும் குடலுக்குள் பார்க்கிற டாக்டர்கள் கண்ணில் அப்படி ஒரு படலம் படுவதில்லை. விளம்பரத்தில் காட்டும் ரப்பர் மாதிரியான பட்டைகள், கிளென்ஸ் பொடியில் இருக்கும் இசப்கோலும் களிமண்ணும் சேர்ந்து உறைந்தவை.

வேம்பு:
வரலாறு நன்றாக இருக்கிறது. ஆனால் மலச்சிக்கல் என்று டாக்டரிடம் போனால் என்ன நடக்கிறது? முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு சிரப் எழுதுவார். தீர்ந்ததும் இன்னொரு பாட்டில். எங்கள் ஆட்களாவது அரை மணி நேரம் உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறாய், எப்போது தூங்குகிறாய் என்று கேட்கிறார்கள். குடலுக்கும் தோலுக்கும் தொடர்பு உண்டு என்று உங்கள் மருத்துவ இதழ்களே எழுதுகின்றன. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே தண்ணீர் விட்டுக் குடல் கழுவச் சொல்லித் தருகிறார்கள். அங்கே செய்தால் சிகிச்சை, இங்கே செய்தால் மோசடியா?

வார்டு_அக்கா:
அந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் நான். அவர்களுக்கு நரம்பு செத்திருப்பதால் மலம் தானாக இறங்காது. தண்ணீர் விடுவது உண்மையிலேயே உதவுகிறது. 2006இல் 87 பேரை வைத்து வந்த ஆய்விலும் வழக்கமான முறையைவிட இது மேல் என்றே முடிவு. ஆனால் அது ஒரு லிட்டருக்குள் அடங்குகிற தண்ணீர், நச்சு கிச்சு என்ற பேச்சே கிடையாது. அதிலும்கூட அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழலாம் என்று சொல்லித்தான் தொடங்குவோம். மையத்து மெஷினில் பல பத்து லிட்டர் ஓடும். சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு உப்புச் சமநிலை குலையும். குடல் புண், கர்ப்பம் என்றால் கிட்டவே போகக் கூடாது.

கருவி சுத்தமும் சும்மா விஷயமில்லை. 1978 முதல் 1980 வரை அமெரிக்காவின் கொலராடோவில் ஒரே கிளினிக்கில் குடல் கழுவிக்கொண்ட 36 பேருக்காவது அமீபா தொற்று வந்தது. பத்துப் பேருக்குப் பெருங்குடலை எடுக்க வேண்டியிருந்தது, அவர்களில் ஆறு பேர் இறந்துபோனார்கள்.

வேம்பு:
நாற்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்கக் கிளினிக்கைக் காட்டி ஏன் பயமுறுத்துகிறீர்கள் அக்கா? இப்போது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் குழாய். ஆஸ்பத்திரியில் தொற்று வருவதே இல்லையா?

மாத்திரைப்பெட்டி:
வருகிறது. ஆனால் அங்கே அந்த ஆபத்தை ஏற்க ஒரு காரணம் இருக்கிறது. பருவுக்காகக் குடல் கழுவ அப்படி என்ன காரணம்?

தோல் தொடர்பு உண்டுதான். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில் அரிப்பும் கொப்புளமும் வரும். கோதுமையை நிறுத்தினால் அடங்கும், கழுவினால் அடங்காது. குடல் பாக்டீரியா தோலைப் பாதிக்கிறது என்பதை ஏற்றால், நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் அலசி விடுவதில் என்ன அர்த்தம்? தாடையோரப் பரு பெரும்பாலும் ஹார்மோன் சமாச்சாரம். மாதவிலக்கும் தள்ளிப்போனால் பெண் மருத்துவரையும் பாருங்கள். பருவுக்கு மட்டும் என்றால் தோல் டாக்டரிடம் அடாபலின், பென்சாயில் பெராக்சைடு போன்ற பூசும் மருந்துகள் கிடைக்கும், பேக்கேஜ் விலையில் கொஞ்சம்தான் ஆகும்.

நிலாமுற்றம், வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

நிலாமுற்றம்:
ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை. போன வருடத்திலிருந்து. இப்போது யோசித்தால் அதற்குப் பிறகுதான் சிக்கல் ரொம்பக் கூடியிருக்கிறது.

மாத்திரைப்பெட்டி:
இரும்பு மாத்திரை மலத்தைக் கட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடமே போய் அளவையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ரத்தம் ஏன் குறைந்தது என்றும் கேளுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

வேம்பு:
சரி, மாத்திரையை மாற்றிப் பார்க்கட்டும். அதற்கும் அடங்காவிட்டால் என்ன செய்வார்? மறுபடி சிரப்தானே?

வார்டு_அக்கா:
தைராய்டு பார்க்க வேண்டும். மலம் கழிக்கும்போது தளர வேண்டிய தசை சிலருக்கு இறுகிக்கொள்ளும். அதைத் தளர்த்தப் பழக்கும் பயோஃபீட்பேக் பயிற்சி இருக்கிறது.

வேம்பு:
அது எந்த ஊரில் கிடைக்கிறது? சென்னை தவிர ஒரு ஊர் சொல்லுங்கள்.

வார்டு_அக்கா:
நியாயமான கேள்வி. பெரிய நகரங்களில், அதுவும் சில ஆஸ்பத்திரிகளில்தான். அதுவரை காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிலாமுற்றம், வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்டா? அப்படியானால் காலுக்கு அடியில் ஒரு குட்டி முக்காலி போட்டு, குந்துகிற மாதிரி முழங்காலை உயர்த்தி உட்காருங்கள்.