ஏரி எப்படிப் பனி கொட்டும்? பரீயில் இருக்கும் தம்பிக்காகக் கேட்கிறேன்

வட்டக்கச்சி அக்கா:
என் கடைசித் தம்பி கனடாவில் பரீ என்ற ஊரில் இருக்கிறான். போன கிழமை வேலையால் வரும்போது றோட்டில் நாலு மணித்தியாலம் நின்றுவிட்டானாம். முன்னால் நின்ற காரின் சிவப்பு வெளிச்சம்கூடத் தெரியவில்லையாம். அதே நேரம் ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாவின் மகளோடு கதைத்தால், "இங்கே நல்ல வெயில் அக்கா" என்கிறாள். இடையில் சுமார் நூறு கிலோமீற்றர்தான். தம்பியைக் கேட்டால் "ஏரிதான் அக்கா கொட்டுது" என்கிறான். நான் இரணைமடுக் குளத்தின் பக்கத்தில் வளர்ந்தவள். குளம் வெள்ளம் தரும், விடிய மூடுபனி தரும். இது எப்படி? விளங்கினவர்கள் சொல்லுங்கள். அம்மா நித்திரை இல்லாமல் இருக்கிறா.

முள்ளியவளை ரீச்சர்:
பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது அக்கா. தை மாதம் விடிய இரணைமடுக் கட்டில் நின்றால் தண்ணீரில் ஆவி பறக்கும். காற்று குளிர்ந்திருக்கும், தண்ணீரில் முதல்நாள் வெயிலின் சூடு மிச்சமிருக்கும். அங்கும் அதுதான் தொடக்கம். ஆனால் தம்பி சொல்லும் ஹியூரன் ஏரி ஏறத்தாழ 60,000 சதுர கிலோமீற்றர். முழு இலங்கையே 65,610தான். கோடை முழுக்கச் சூடேறிய அந்தத் தண்ணீர் மார்கழியிலும் உறையாமல் கிடக்கும். வடமேற்கிலிருந்து கடுங்குளிர்காற்று அதைக் கடக்கும்போது அடியிலிருந்து சூடும் ஈரமும் ஏறும். சூடேறிய காற்று மேலே கிளம்பி, முகிலாகி, அக்கரையில் வெண்பனியாகக் கொட்டும். ஏரித் தண்ணீருக்கும் ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்துக் காற்றுக்கும் 13 பாகை செல்சியஸ் அளவாவது வித்தியாசம் வேண்டும்.

சரி, ரொறன்ரோவில் ஏன் வெயில்? இந்த முகில்கள் காற்றின் போக்கிலே ஒடுங்கிய பட்டிகளாக நீளும். பட்டிக்குள் அகப்பட்டவருக்குக் கண் தெரியாது, சில கிலோமீற்றர் தள்ளி நீல வானம் இருக்கும். பரீ, ஹியூரனின் ஜோர்ஜியன் குடாவுக்குத் தென்கிழக்கே, அந்தக் காற்றுக்கு நேரே இருக்கிறது. ரொறன்ரோ ஒன்ராறியோ ஏரியின் வடமேற்குக் கரை. காற்று ஊரைக் கடந்த பிறகுதான் அந்த ஏரிக்கே போகும். வாடைக்காற்று வங்கக்கடலின் ஈரத்தை அள்ளிவந்து முல்லைத்தீவை நனைக்கிறதே, அங்கும் எந்தக் கரை என்பதுதான் கணக்கு. மழை உண்டாகும் விதம் மட்டும் வேறு.

ஓமந்தையான்:
நான் 12 வருசம் அந்தப் பக்கம் லொறி ஓடிவிட்டு ஊர் திரும்பியவன். அமெரிக்காவின் பஃபலோ நகரம் ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது, மேற்குக் காற்று ஏரியின் முழு நீளத்துக்கும் ஓடிவந்து அங்கே பனியை இறக்கும். 2014 கார்த்திகையில் நகரின் தெற்கே ஐந்து அடிக்கு மேல் கொட்டியது, வடக்கே சில அங்குலம்தான்.

2022 மார்கழியை என்னால் மறக்க முடியாது. இங்கே ஊரில் குளிர்காற்றில் மாடுகள் விறைத்துச் செத்த மாதம். எங்கள் ஐயாவின் இரண்டு பசுவும் அதில்தான் போயின, போனில் அழுதார். அந்த மாதக் கடைசியில் பஃபலோவில் ஏரிப் பனியும் புயல்காற்றும் சேர்ந்து அடித்து 40க்கு மேற்பட்ட சனம் செத்தது. சிலர் காருக்குள்ளேயே. அம்புலன்ஸ்கூடப் போக முடியவில்லை.

அக்கா, தம்பிக்கு இதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள். றோட்டில் மாட்டினால் காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. ஹீற்றர் போட முதல், பின்னால் புகைக்குழாயை மூடிய பனியைத் தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் நச்சுப்புகை உள்ளே வரும், மணமே இருக்காது. பெற்றோல் பாதிக்குக் கீழே போகவிடக் கூடாது. ஒரு கம்பளி எப்போதும் காருக்குள் கிடக்கட்டும்.

வட்டக்கச்சி அக்கா:
புகைக்குழாய் விசயத்தை இப்போதே குரல்பதிவாக அனுப்பிவிட்டேன். அவனுக்குத் தெரியாதாம்! நன்றி தம்பி, நன்றி ரீச்சர். அம்மா ஒன்று கேட்கிறா: ஏரி உறைந்தால் இது நிற்குமா?

முள்ளியவளை ரீச்சர்:
குறையும். பனிக்கட்டி மூடினால் ஈரம் ஏறாது. ஈரி ஏரி சராசரி 19 மீற்றர் ஆழம்தான், அதனால் கெதியாக உறையும். ஹியூரன் 59 மீற்றர், அவ்வளவு லேசில் மூடாது. மாசி முடியும்வரை கவனமாக ஓடச் சொல்லுங்கள்.