ஃபேர்போர்ட் கன்வென்ஷன்: இத்தனை பேர் மாறியும் அதே பேண்டுதானா?

கோபிக்காரன்:
ஏனுங்க, இங்கே ஃபேர்போர்ட் கன்வென்ஷன் கேட்கிறவங்க யாராவது இருக்கீங்களா? 1967-இல் லண்டனில் ஆரம்பித்த ஃபோக் ராக் பேண்ட், அதாவது நாட்டார் பாட்டை ராக் இசையோடு கலக்கிறவர்கள். ஒரு ஆல்பத்தில் அருமையான பெண் குரல், அடுத்ததில் அந்தக் குரலே காணோம், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஆரம்பித்தவர்களில் ஒருத்தர்கூட இல்லை. இதை எப்படி ஒரே பேண்ட் என்கிறார்கள்? எங்கிருந்து கேட்டால் குழப்பம் இல்லாமல் இருக்கும்?

பேரூர் பேஸ்:
1969 மட்டும் கேளுங்க, போதும். அந்த ஒரே வருஷத்தில் மூன்று ஆல்பம், மூன்றிலும் நீங்கள் சொன்ன அந்தப் பெண் குரல், பாடகி சாண்டி டென்னி. (ஜூடி டைபிள் இருந்த இடத்துக்கு 1968-இல் வந்தவர்.) நடுவில்தான் அந்தக் கொடுமை. மே மாதம் பர்மிங்காமில் வாசித்துவிட்டுத் திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் வேன் விபத்துக்குள்ளாகி டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் இறந்துவிட்டார், 19 வயசுதான். கிட்டாரிஸ்ட் ரிச்சர்ட் தாம்சனின் காதலியும் போய்விட்டார். அதனால்தான் பழைய பாட்டையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு நாட்டார் பாட்டுக்குத் திரும்பினார்கள். டிசம்பரில் வந்த 'லீஜ் அண்ட் லீஃப்' அதன் பலன். அதற்கப்புறம் வந்ததெல்லாம் எனக்கு வேறு பேண்ட்.

காங்கயம் கட்டை:
விபத்தால்தான் திரும்பினார்கள் என்பது பாதிதான் சரி. 'எ செய்லர்ஸ் லைஃப்' நாட்டார் பாட்டுதானே, 11 நிமிஷத்துக்கு மேல் ஓடும், அது விபத்துக்கு முன்பே பதிவானது. டிரம்ஸ் லாம்பிள். ஃபிடில் (வயலின்தான்) டேவ் ஸ்வார்பிரிக், அப்போது சும்மா விருந்தாளியாக வந்து வாசித்தவர். அதாவது பாதை ஏற்கெனவே தெரிந்திருந்தது, விபத்துக்குப் பின் ஸ்வார்பிரிக்கும் டிரம்ஸுக்கு டேவ் மேட்டக்ஸும் நிரந்தரமாகச் சேர, முழுசாக அதிலேயே இறங்கிவிட்டார்கள். இன்னொன்று, நீங்கள் கொண்டாடுகிற 'லீஜ் அண்ட் லீஃப்' கடைக்கு வரும் முன்பே பேஸ் கிட்டார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸும் டென்னியும் விலகியாச்சு. ஹட்சிங்ஸுக்கு நாட்டார் பாட்டு இன்னும் வேணும், அந்த அம்மாவுக்குச் சொந்தப் பாட்டு எழுதணும். அவர் 'ஸ்டீலை ஸ்பான்' என்ற பேண்டை ஆரம்பித்தார், அந்த அம்மா 'ஃபாதரிங்கே'யை. சண்டை என்று பார்த்தால் நஷ்டம், கேட்கிற நமக்கு மூன்று பேண்ட் கிடைத்தது லாபம்தான்.

சென்னிமலை:
1971 முடிவில் கிட்டாரிஸ்ட் சைமன் நிக்கோலும் போனதும் ஆரம்பித்தவர் ஒருத்தரும் இல்லைங்கிறது உண்மைதான் தம்பி. ஆனால் எங்க பக்கம் அண்ணன்மார் கதை பாடுகிற உடுக்கை செட்டைப் பாருங்க, முன்பாட்டுக்காரர் மாறுவார், பின்பாட்டு மாறும், ஊர் அதைப் புது செட்டு என்று சொல்லாது.

கோபிக்காரன்:
அண்ணா, அங்கே கதை மாறாதே, பொன்னர் சங்கர் அப்படியே இருப்பாங்க. இவங்க பாட்டே மாறுகிறதே?

சென்னிமலை:
அதுவும் நியாயம்தான். ஆனாலும் பழசை இவங்க விடவில்லை, அந்த 1969 பாட்டுகளை இன்னமும் மேடையில் வாசிக்கிறாங்க.

காங்கயம் கட்டை:
1970-க்கு அப்புறம் இந்த பேண்டைத் தூக்கி நிறுத்தினது பேஸ் டேவ் பெக் என்பேன். பாட்டு எழுதுகிறவர் போனால் பேச்சு அடிபடும், பேஸ்காரர் இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நிக்கோல் 1976-இல் திரும்பினார். 1979-இல் இங்கிலாந்தின் க்ரோப்ரெடி கிராமத்தில் விடைபெறும் கச்சேரி நடத்தி முடித்துக்கொண்டார்கள், ஸ்வார்பிரிக்குக் காது கெட்டுப்போனதும் ஒரு காரணம். ஆனால் அதே ஊரில் வருஷா வருஷம் கூடிக் கூடி 1985-இல் திரும்ப பேண்டாகவே ஆகிவிட்டார்கள். ஃபிடிலுக்கு ரிக் சாண்டர்ஸ் வந்தார். ஆள் மாறுவதற்கே பேர் போன இந்த பேண்டில் 1998 முதல் 2022 வரை ஒரே அஞ்சு பேர்: நிக்கோல், பெக், சாண்டர்ஸ், கிறிஸ் லெஸ்லி, டிரம்ஸில் ஜெர்ரி கான்வே. கான்வே விலகினதும் மறுபடி யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா, அதே மேட்டக்ஸை.

பேரூர் பேஸ்:
24 வருஷம் ஒண்ணா இருந்தாங்க, சரி. அதில் 'லீஜ் அண்ட் லீஃப்' பக்கத்தில் வைக்க ஒரு ஆல்பம் சொல்லுங்க பார்ப்போம்.

காங்கயம் கட்டை:
வைக்க முடியாது. மேடையில் கேட்டால்தான் அந்த அஞ்சு பேரின் அருமை தெரியும். கோபிக்காரருக்கு: 1969-இன் மூன்றையும் வரிசையாகக் கேளுங்க, அப்புறம் டென்னி இல்லாமல் 1970-இல் வந்த 'ஃபுல் ஹவுஸ்'. அது பிடித்தால் மேலே போங்க, பிடிக்காவிட்டால் பேரூர் அண்ணன் கட்சியில் சேர்ந்துக்கலாம்.